மஞ்சள் துணி முடிச்சு

தட்டில் கரண்டியால் அடிக்கும் சத்தம் கீழ்த் தளத்தில் தொடங்கி மாடிப்படி வழியாக மேலே வந்தது. யாரோ வெறிகொண்டு அடித்துக்கொண்டே ஏறி வருகிறார்கள். கூடவே ஒரு பெண்ணின் குரல்.

"பாம்பு... பாம்பு... எல்லாரும் வெளிய வாங்க... எம் புள்ள உள்ள கெடக்கு..."

இரண்டாவது மாடியில் இட்லி மாவுக்கு அரிசி கழுவிக்கொண்டிருந்த பொன்செல்வியின் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது. அவள் பார்வை தானாகப் பூஜை அலமாரிக்குப் போனது. அங்கே கோமதி அம்மன் படத்தின் கீழே, புதன்கிழமை சாயங்காலம் அவள் முடிந்து வைத்த மஞ்சள் துணி முடிச்சு அப்படியே இருந்தது. உள்ளே ஒரு ரூபாய் நாணயம் ஒன்று.

மூன்று நாள். சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கதவைத் திறந்தபோது எதிரே கீழ்வீட்டுப் பெண் நின்றாள். பெயர் ஷமீரா என்பதே பொன்செல்விக்கு அப்போது நிச்சயமில்லை. வந்து எட்டு மாதம் ஆகிறது. மருந்துக்கடையில் சாயங்கால வேலை. புருஷன் புளியங்குடி எலுமிச்சை மண்டிக்கு விடியுமுன்னே பஸ் ஏறிவிடுவான். தெரிந்தது அவ்வளவுதான்.

"எக்கா, பாம்பு பெட்ரூம் கதவுக்கு அடி வழியா உள்ள போயிட்டு. புள்ள உள்ளேருந்து தாழ்ப்பாளப் போட்டுருக்கா. கீழ்த் தாழ்ப்பாள். அவளுக்கு அது ஒரு வெளையாட்டுக்கா."

"நீ பாத்தியா, உள்ளதான் போச்சா?"

"வாலு உள்ள போறதப் பாத்தேன்."

இரண்டு பேரும் படியில் ஓடினார்கள்.

கோமதி நிவாஸ் என்ற அந்தக் கட்டடத்தில் மொத்தம் ஐந்து வீடு. கீழே வண்டி நிறுத்துமிடம், மோட்டார் ரூம், அதை ஒட்டி ஷமீராவின் வீடு. முதல் மாடியில் ஒரு வீட்டில் சங்கரசுப்பு அண்ணாச்சி, இன்னொன்றில் முத்துமாரி. இரண்டாவது மாடியில் பொன்செல்வியும், எதிர் வீட்டில் இசக்கித்துரையும். கட்டடத்துக்கென்று ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. 'மோட்டார் ஆன்', 'மோட்டார் ஆஃப்', 'இந்த பைக் யாருது' என்பதைத் தவிர அதில் வேறு பேச்சு கிடையாது. ஷமீரா அதில் இல்லை. வாடகைக்கு இருப்பவர்களைச் சேர்ப்பதில்லை என்று முதல் நாளே முடிவாகியிருந்தது.

கீழே இசக்கித்துரை கதவில் தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். வாட்டசாட்டமான ஆள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறார்.

"இதை ஒடச்சுத் தொறந்தா சத்தத்துல அது வெருண்டு புள்ளை மேல பாஞ்சுரும். ஃபயர் சர்வீஸுக்குப் போன் போட்டாச்சு. பனவடலிசத்திரத்துல வைக்கோல் படப்பு தீப்பிடிச்சு அங்கன போயிருக்காவளாம். அரை மணி நேரமாவது ஆகும்னு சொல்லுதாவ."

"அரை மணியா?" ஷமீரா சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஜன்னல்..." என்றாள் பொன்செல்வி. "பெட்ரூம் ஜன்னல் வண்டி நிறுத்துற பக்கம்லா இருக்கு?"

ஜன்னல் திறந்திருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டில், அதைத் தாண்டித் தரையில் மூன்று வயதுப் பெண் குழந்தை, சுற்றிலும் பிளாஸ்டிக் சொப்புகள். குட்டி அடுப்பில் குட்டிச் சட்டியை வைத்துக் கிண்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இரண்டு எட்டுப் பின்னால் இரும்பு பீரோ. பீரோவின் அடியில், கால்களுக்கிடையே, சைக்கிள் டியூபைச் சுருட்டிப் போட்ட மாதிரி ஒன்று இருந்தது. அது மெல்ல அசைந்தது.

புதன்கிழமை பொன்செல்வி மோட்டார் சுவிட்ச் போடப் போனபோது செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் பார்த்தது இதே பழுப்பு நிறம். இதே கனம்.

"ஹனா..." ஷமீராவின் குரல் உடைந்து வந்தது. "ஹனா, கட்டில் மேல ஏறும்மா. உம்மா சொல்லுதேன்லா, ஏறு, சீக்கிரம் ஏறு..."

குழந்தை நிமிர்ந்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அழுகிற முகம். அதை ஒட்டி இன்னும் மூன்று முகங்கள். முத்துமாரி ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்பியவள், ஹெல்மெட்டோடு அப்படியே எட்டிப் பார்த்தாள். இசக்கித்துரை மீசையோடு கம்பிக்குள் கை நீட்டினார். பொன்செல்வி, "பாப்பா, இங்க வா, இங்க வா" என்று அவசரமாகக் கையை ஆட்டினாள்.

ஒரே கட்டடத்தில் எட்டு மாதம். அந்தக் குழந்தைக்கு அந்த மூன்று முகத்தில் ஒன்றுகூடத் தெரியாது.

ஹனாவின் உதடு பிதுங்கியது. சட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். பின்னால் பீரோ.

"எல்லாரும் நகருங்க." பொன்செல்வி குனிந்து கீழே உட்கார்ந்தாள். "நம்ம மூஞ்சியப் பாத்துதான் புள்ள பயப்படுது. ஹெல்மெட்டக் கழத்துங்க சிஸ்டர்."

மூவரும் ஜன்னலுக்குக் கீழே பதுங்கினார்கள். ஷமீரா மட்டும் நின்றாள். ஆனால் அவளால் அழுகையை நிறுத்த முடியவில்லை. அம்மா அழ அழ, பிள்ளை வரவில்லை. இன்னும் ஒரு எட்டு பின்னால் போனாள்.

"யாரையாவது அவளுக்குத் தெரியுமா? யாரைப் பாத்தா வருவா, சொல்லு" என்றாள் பொன்செல்வி, ஷமீராவின் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து.

"வாப்பாகிட்ட வருவா... அவரு புளியங்குடில இருக்காரு. வேற யாரு... வேற..." அவள் சட்டென்று திரும்பினாள். "பாம் பாம் தாத்தா."

"அது யாரு?"

"ஸ்கூட்டர் வச்சிருக்காவள்லா, முதல் மாடில. தெனம் காலைல இந்த ஜன்னலுக்கு நேரா நின்னு ரெண்டு தடவ ஹார்ன் அடிப்பாவ. இவ ஓடிப்போய்க் கட்டில்ல ஏறி நின்னு கையக் காட்டுவா."

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சங்கரசுப்பு அண்ணாச்சி. அரசு பஸ்ஸில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். 'இங்கு யாரும் வண்டி நிறுத்தாதீர்' என்று தூணில் பெயிண்டால் எழுதி வைத்தவர். தினம் காலை அவர் அடிக்கும் அந்த ஹார்ன் மற்றவர்களுக்கு எரிச்சலூட்டத்தான் என்று முத்துமாரி குரூப்பில் புகார்கூடப் போட்டிருந்தாள். பொன்செல்வி அதற்குக் கட்டைவிரல் போட்டிருந்தாள்.

சங்கரசுப்பு அப்போதுதான் முட்டியைப் பிடித்துக்கொண்டு கடைசிப் படியில் இறங்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் ஸ்கூட்டரிடம் போனவர், சட்டைப் பையைத் தடவினார்.

"சாவி மேல இருக்கு. சாமி அலமாரில. நான் ஏறி எறங்க முடியாது. யாராவது ஓடுங்க வே."

பொன்செல்வி ஓடினாள். இரண்டிரண்டு படியாகத் தாண்டினாள். இரண்டு வருடத்தில் முதல் முறையாக அந்த வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே போனாள். சாமி அலமாரியில் விபூதித் தட்டு, ஊதுபத்தி டப்பா, ஒரு மஞ்சள் முடிச்சு, சாவிக்கொத்து. சாவியை அள்ளிக்கொண்டு திரும்பினாள். புதன்கிழமையே வாயைத் திறந்திருந்தால் இந்தப் படியில் இப்போது ஓட வேண்டியதில்லை.

அம்மா சொல்லிக்கொடுத்த பழக்கம். வீட்டுக்குள் பாம்பைப் பார்த்தால் அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது. மஞ்சள் துணியில் காசு முடிந்து, சங்கரநாராயணர் கோயில் உண்டியலில் தகட்டில் செய்த பாம்பு உரு வாங்கிப் போடுவதாக வேண்டிக்கொண்டால் அது தன் வழியே போய்விடும். முடிந்த பிறகு நாலு பேரிடம் சொல்லித் திரியக் கூடாது. எவனாவது கம்பைத் தூக்கிக்கொண்டு வந்து அடித்தால் பாவம் முடிந்தவளுக்கு. பள்ளியில் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள்தான் பொன்செல்வி. ஆனாலும் முடிந்தாள். ஞாயிற்றுக்கிழமை போய் உருவைப் போட்டுவிடலாம் என்று இருந்தாள்.

சங்கரசுப்பு ஜன்னலுக்கு நேரே ஸ்கூட்டரை நகர்த்தி நிறுத்திச் சாவியைத் திருப்பினார். பாம், பாம். இரண்டு சின்னது. ஒரு இடைவெளி. மறுபடி இரண்டு.

உள்ளே சட்டி தரையில் விழுந்தது. காலடிச் சத்தம். கட்டில் கிரீச்சிட்டது. ஜன்னல் கம்பிக்கு நடுவே ஒரு சின்ன முகம் வந்தது, கண்ணீரோடு.

"பாம் பாம் தாத்தா."

"வந்துட்டியா மக்கா?" சங்கரசுப்புவின் குரல் சாதாரணமாக இருந்தது. "இன்னிக்கு தாத்தா லேட்டு. கோவமா?"

ஷமீரா கம்பி வழியாகக் கை விட்டுப் பிள்ளையின் இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டாள். இனி விட மாட்டாள்.

பொன்செல்வி ஜன்னலின் ஓரத்தில் ஒரு கண்ணை மட்டும் வைத்துப் பார்த்தாள். பீரோவுக்கு அடியிலிருந்து தலை வெளியே வந்தது. சொப்புகளுக்கு நடுவே ஊர்ந்தது. குட்டி அடுப்பைத் தொட்டு நின்றது. பிறகு கட்டிலின் பக்கம் திரும்பியது.

"உம்மா, கைய விடு. சட்டி கீழ விழுந்துட்டு. தாத்தாக்கு டீ கொண்டு வாரேன்."

"வேண்டாம்மா."

"டீ ஆறிரும்." ஹனா கையை இழுத்தாள். ஒரு கால் கட்டிலின் விளிம்பைத் தேடிக் கீழே போனது. ஷமீரா இழுத்துப் பிடித்தாள். பிள்ளை கத்த ஆரம்பித்தாள்.

கீழே தலை உயர்ந்தது. படம் விரிந்தது.

"அண்ணாச்சி, பேச்சுக் குடுங்க. எதையாவது பேசுங்க" என்று பொன்செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"ஏட்டி ஹனா, டீ அப்புறம் குடிக்கலாம். இன்னிக்கு தாத்தா பஸ்ஸு ஓட்டுதேன். பாரு, ஆளெல்லாம் ஏறுதாவ." பாம் பாம். "இந்தா, மொத டிக்கெட்டு இந்த மீசை மாமாவுக்கு. இவரு பேரு இசக்கித்துரை. ஏறும் வே, சும்மா நிக்கீரு."

இசக்கித்துரை ஒரு கணம் விழித்தார். பிறகு ஸ்கூட்டரின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஸ்கூட்டர் அமுங்கியது. ஹனா அழுகையை நிறுத்திப் பார்த்தாள்.

"அடுத்து நர்ஸ் அத்தை. முத்துமாரி அத்தை. இவ ஊசி போட மாட்டா, இன்னிக்கு லீவு." முத்துமாரி ஹெல்மெட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இசக்கித்துரைக்குப் பின்னால் ஒட்டி நின்றாள். "அடுத்து மாடி வீட்டு அத்தை. இவ பேரு..."

அவர் நிறுத்தினார். பொன்செல்வியைத் திரும்பிப் பார்த்தார்.

"உம் பேரு என்னம்மா?"

"பொன்செல்வி."

"பொன்செல்வி அத்தை. இது கோவக்கார அத்தை. குரூப்புல பாத்தாத் தெரியும்."

ஹனாவுக்குச் சிரிப்பு வந்தது. எதற்கென்று யாருக்கும் தெரியவில்லை. விரித்த படம் கட்டில் காலுக்கு அருகே அப்படியே நின்றது.

பஸ் புறப்பட்டது. ராஜபாளையம் போனது. அங்கிருந்து திரும்பித் திருவேங்கடம் வந்தது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இசக்கித்துரை இறங்கி ஏறினார். முத்துமாரி சில்லறை இல்லை என்று சண்டை போட்டாள். பேட்டரி இறங்கி ஹார்ன் கம்மியபோது சங்கரசுப்பு வாயாலேயே பாம் பாம் என்றார். ஷமீராவின் கை கம்பியில் உரசித் தோல் உரிந்திருந்தது. பொன்செல்வி தன் கையையும் உள்ளே விட்டுப் பிள்ளையின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்தத் தோள் சூடாக, கையில் அடங்கும் அளவுக்கு இருந்தது. அதைப் பிடித்தபடி அவள் கடிகாரத்தை எட்டுத் தடவை பார்த்தாள்.

முப்பத்தைந்து நிமிடம் கழித்துச் சிவப்பு வண்டி தெருவுக்குள் திரும்பியது.

அதற்குப் பிறகு நடந்தது சுருக்கமானது. கதவின் அடிப்பலகையைச் சத்தமில்லாமல் அறுத்துத் தாழ்ப்பாளை நீக்கினார்கள். ஒருவர் நீளக் கம்பியோடு உள்ளே போனார். ஐந்தடிக்கு மேல் இருந்த நல்லபாம்பு ஒரு சாக்குக்குள் போனது. முத்துமாரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "காட்டுல கொண்டு விட்ருங்க சார், அடிச்சிராதீங்க" என்றார் இசக்கித்துரை.

ஹனா அம்மாவின் இடுப்பில் இருந்தாள். பஸ் ஏன் நின்றுவிட்டது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

தீயணைப்பு வீரர் ஒருவர் மோட்டார் ரூமைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். கையில் வெள்ளையாக, மெல்லியதாக ஒன்று தொங்கியது.

"சட்டை உரிச்சிருக்கு. காஞ்சு போய்க் கெடக்கு. இது நேத்து இன்னிக்கு வந்தது இல்ல. ஒரு மாசமாவது இங்கனதான் குடியிருந்திருக்கும். செருப்பு வைக்கிற இடம், மோட்டாரு, மாடிப்படி எல்லாம் அது போற வழிதான். இத்தன பேரு இருக்கிய, ஒருத்தர் கண்ணுலயும் படலையா?"

சங்கரசுப்பு ஸ்கூட்டர் சாவியைப் பையில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். இசக்கித்துரை செல்போனைப் பார்த்தார். முத்துமாரி ஹெல்மெட் வாரைச் சரி செய்தாள். எல்லோருக்கும் தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை, எல்லோருக்கும் தெரிந்துவிட்டது என்றுதான் பொன்செல்விக்குத் தோன்றியது.

பதில் சொன்னது ஷமீரா.

"கண்ணுல பட்டிருந்தா சொல்லிருப்பாவ சார். நடமாடுற புள்ள கீழ் வீட்டுல இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்லா."

அவள் அதை முழு நம்பிக்கையோடு சொன்னாள். அதுதான் பொன்செல்வியால் தாங்க முடியாமல் இருந்தது.

சாயங்காலம் குரூப்பில் ஒரு புதிய எண் சேர்க்கப்பட்டிருந்தது. 'ஷமீரா, கீழ் வீடு' என்று இசக்கித்துரை போட்டிருந்தார். அதற்குக் கீழே ஷமீரா எல்லோருக்கும் நன்றி எழுதியிருந்தாள். பொன்செல்வி அதை நான்கு முறை படித்தாள். பதில் எழுத ஆரம்பித்து அழித்தாள்.

கணவன் பேச்சிராஜ் திருவேங்கடத்தில் வேலை முடிந்து வந்ததும் அவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். புதன்கிழமையையும் சேர்த்து.

அவன் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டான். "பாம்பு போயிட்டுல்லா?"

"போயிட்டு."

"புள்ளைக்கு ஒண்ணும் இல்லையே? பெறவு எதுக்கு வாயக் கொடுத்து மாட்டுத? இப்பப் போய் நான் முன்னாலயே பாத்தேன்னு சொன்னா, அந்தப் புள்ளையப் பெத்தவ காலம் பூரா உன் மூஞ்சில முழிப்பாளா? நாளைக்குக் கோயில்ல உருவப் போட்டுட்டு வா. அதோட முடிஞ்சுது."

அவன் சொன்னதில் தப்பு இல்லை என்று தோன்றியது. ஆனால் கண்ணை மூடினால் குட்டி அடுப்பைத் தொட்டு நின்ற அந்தத் தலைதான் வந்தது. கையில் அந்தத் தோளின் சூடு இருந்தது. தாத்தாவுக்கு டீ ஆறிவிடும் என்று இறங்கப் பார்த்த கால். ஷமீராவின் பிடி நழுவியிருந்தால்?

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, பொன்செல்வி குளித்து, மஞ்சள் முடிச்சைக் கைக்குள் பொத்திக்கொண்டு கிளம்பினாள். கோயிலுக்குத்தான். எதிரே இசக்கித்துரை வீடும் முதல் மாடியில் சங்கரசுப்பு வீடும் பூட்டியிருந்தன. முத்துமாரி வீட்டிலும் ஆள் அரவம் இல்லை. நல்லதாகப் போயிற்று, யார் முகத்தையும் பார்க்க வேண்டாம்.

கீழே வந்தபோது தெருவுக்குத் திரும்ப வேண்டிய கால் திரும்பவில்லை. ஷமீரா வீட்டு வாசலில் நின்றுவிட்டது. வாசலில் நான்கைந்து ஜோடிச் செருப்புகள் கிடந்தன. சொந்தக்காரர்கள் புளியங்குடியிலிருந்து பிள்ளையைப் பார்க்க வந்திருப்பார்கள் என்று நினைத்தாள். பிறகு வரலாம் என்று திரும்பினாள். பிறகு என்றால் வரமாட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது.

தட்டினாள்.

ஷமீரா கதவைத் திறந்தாள். மணிக்கட்டில் மருந்து தடவியிருந்தது. கண் சிவந்திருந்தது. அழுதிருக்கிறாள். அல்லது கோபப்பட்டிருக்கிறாள்.

"ஷமீரா, நான் ஒண்ணு சொல்லணும். வாசல்லயே நிக்கேன். கேட்டுட்டு நீ கதவச் சாத்துனாலும் சரிதான்." ஒரே மூச்சில் சொல்லாவிட்டால் சொல்ல முடியாது. "நான் புதன்கிழமையே அதப் பாத்தேன். மோட்டார் ரூம் பக்கத்துல. முடிஞ்சு வச்சுட்டு பேசாம இருந்துட்டேன். உன் வீட்டுல புள்ள இருக்குன்னு எனக்குத் தோணாம இல்ல. தோணுச்சு. இருந்தும் சொல்லல."

ஷமீரா பொன்செல்வியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அவளுடைய பொத்திய கையைப் பார்த்தாள். விரலிடுக்கில் மஞ்சள் துணியின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. உள்ளேயிருந்து யாரோ வாயால் பாம் பாம் என்பது கேட்டது.

ஷமீரா கதவை அகலத் திறந்து ஒதுங்கி நின்றாள்.

"அதையும் அந்த மேசை மேல வைங்கக்கா, இதோட நாலு முடிச்சாச்சு."